‘நான் கிட்டப் போகேல்ல’: ஒளிச்சு வைச்ச கமராக்களைப் பற்றி

“நான் பறவைக்குக் கிட்டப் போகவே இல்லை. கமராதான் அங்க இருந்தது. நான் தள்ளி இருந்து போனில அமத்தினான், அவ்வளவுதான்.”

இந்த வசனத்தை வேறு வேறு சொற்களில் முகநூலிலும் இன்ஸ்ரகிராமிலும் எத்தனையோ தரம் வாசித்தாயிற்று. மணலில் முட்டைக்கு மேல் குந்தியிருக்கிற ஒரு பறவை, எங்களை நேருக்கு நேர் பார்க்கிற மாதிரி ஒரு படம். கீழே ஒரு குறிப்பு: றிமோட் மூலம் எடுத்தது, பறவைக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. அதுக்குக் கீழே இருநூறு இதயம். அந்தக் குறிப்புப் பொய் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எல்லா இடத்திலும் பொய் என்று சொல்ல வரவில்லை. கூடும் முட்டையும் குஞ்சும் இருக்கிற இடத்தில், அதுவும் எங்கட வடக்குக் கரையோரத்து வெட்டை வெளியில், அது பொய்.

இது என்ன வேலை என்று தெரியாத ஆக்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கமராவை நிலத்தோடு நிலமாக வைத்து, மேலே உருமறைப்புத் துணியோ காய்ந்த புல்லோ போட்டு மூடிவிடுவினம். லென்ஸின் வாய் மட்டும் வெளியே தெரியும். படக்காரர் கொஞ்சம் தள்ளி வாகனத்துக்குள்ளோ பற்றைக்குப் பின்னாலோ இருந்து, வைஃபை வழியாகப் போன் திரையில் பார்த்து அமத்துவார். இன்னொரு வகைக்கு ஆளே தேவையில்லை. உடற்சூட்டையும் அசைவையும் கண்டுபிடிக்கிற சென்சர் ஒன்று இருக்கும், பறவை முன்னால் வந்தால் கமரா தானே அடிக்கும். படக்காரர் வீட்டை போய்ச் சாப்பிட்டு, ஒரு நித்திரையும் கொண்டு, பின்னேரம் வந்து கமராவைத் தூக்கிக்கொண்டு போகலாம்.

ஏன் இவ்வளவு பாடு? தூரத்தில் இருந்து எடுக்கப் பெரிய லென்ஸ் இருக்குத்தானே? இருக்கு. ஆனால் 600 மில்லிமீற்றர் லென்ஸால் எடுத்தால் பறவை மட்டும் வரும், பின்னால் எல்லாம் கரைந்த நிறமாகப் போய்விடும். எந்த ஊர், எந்தக் கரை என்று தெரியாது. அகலக்கோண லென்ஸைப் பறவையிலிருந்து ஒரு முழத்தில் வைத்தால் பறவையும் பெரிதாக வரும், அதுக்குப் பின்னால் களப்பு, பனை, மேகம் எல்லாம் வரும். அந்த உலகத்துக்குள் நாங்களும் குந்தியிருக்கிற மாதிரி இருக்கும். அழகுதான், அதை மறுக்கேல்ல. இந்த முறையால் எடுத்த சில படங்கள் நான் பார்த்த பறவைப் படங்களிலேயே மிக நல்லவை. பிரச்சினை அந்த ஒரு முழத்தில்தான் இருக்கு. அந்த ஒரு முழத்துக்குக் கமரா தானாக நடந்து போகாது.

ஒரு ஆள் கொண்டுபோய் வைக்கவேண்டும். குனிந்து, கோணம் பார்த்து, மறைப்புப் போட்டு, போனில் ஒரு தரம் சரிபார்த்து, ‘இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்’ என்று திரும்பப் போய்த் திருத்தவேண்டும். பற்றறி முடிந்தால் இன்னொரு தரம். கடைசியில் எடுக்க ஒரு தரம். பெரிய லென்ஸோடு தூரத்தில் நிற்கிற ஆள் கூட்டுக்குப் போகிற தடவை பூச்சியம். ‘கிட்டப் போகாத’ ஆள் போகிற தடவை மூன்று, நாலு. படத்தில் அவர் இல்லை என்பதாலேயே அவர் போகவில்லை என்று நாங்கள் நம்பிவிடுகிறோம்.

சரி, போனால் என்ன, பறவை பறந்துபோய்த் திரும்ப வரும்தானே என்று கேட்பீர்கள். குளிர் நாட்டில் எழுதிய புத்தகங்களை வாசித்துவிட்டு இங்கே வேலை செய்கிறவர்கள் விடுகிற பிழை இதுதான். அடைகாக்கிறது என்றவுடன் முட்டைக்குச் சூடு கொடுக்கிறது என்றுதான் நினைக்கிறோம். மன்னாரில் வைகாசி, ஆனி மாதத்து மத்தியானத்தில் தாய்ப்பறவை முட்டைக்குக் கொடுப்பது நிழல். வீட்டில் குஞ்சு பொரிக்க வைக்கிற பெட்டியில் கோழி முட்டைக்கு 37.5 பாகை செல்சியஸ் வைப்பார்கள். அதிலிருந்து சில பாகை ஏறி நின்றால் கரு செத்துவிடும். உச்சி வெயிலில் வெட்டை மணலின் சூடு 50 பாகையையும் தாண்டும். செருப்பில்லாமல் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்த மணலில் ஒரு சின்னப் பள்ளம், அதுக்குள் இரண்டு மூன்று முட்டை, மேலே ஒரு பறவையின் வயிறு. வெயில் ஏற ஏற ஆணும் பெண்ணும் மாறி மாறி வந்து மறைப்பு நிற்கும். தண்ணிக்குப் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைக்கு மேல் இருக்கும். உப்புக்கொத்தியும் ஆக்காட்டியும் இந்த வேலையைச் செய்யும். நீங்கள் கமரா திருத்துகிற பத்து நிமிடம் அந்த நிழல் இல்லாத பத்து நிமிடம். புதிதாக முளைத்த அந்தக் கறுப்புக் கண்ணாடிக்கு முன்னால் வந்து இருக்கலாமா விடலாமா என்று பறவை சுற்றிச் சுற்றி நடக்கிற நேரத்தையும் அதோடு கூட்டுங்கள்.

அந்த உப்புக்கொத்தி யார் என்றும் தெரிந்திருக்கவேண்டும். மன்னார்ப் பக்கக் கரைகளில் முட்டையிடுகிற அந்தச் சின்னப் பறவையை நெடுங்காலமாகக் கென்டிஷ் உப்புக்கொத்தியின் ஒரு கிளை என்றுதான் உலகம் எண்ணிக்கொண்டிருந்தது. 2023 இல் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பங்குகொண்ட மரபணு ஆய்வொன்று, இது தனி இனம் என்று காட்டியது. இராமர் அணைப் பக்கத்துப் பறவை என்பதால் அனுமன் உப்புக்கொத்தி என்று பெயர். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் முட்டையிடுகிற பறவை இது. செய்தி வந்ததுதான் தாமதம், படம் வேண்டும் என்று தேடி வருகிறவர்களும் கூடினார்கள். புது இனம் என்ற பெயரே ஒரு விலைச்சீட்டு மாதிரி ஆகிவிட்டது.

சின்ன ஆலாவின் கதை இன்னும் மோசம். அது கூட்டமாக மணல் திட்டில் முட்டையிடும். ஒரு கூட்டுக்குக் கமரா வைக்க ஒரு ஆள் உள்ளே கால் வைத்தால் எழும்புகிறது ஒரு பறவை இல்லை, முழுத் திட்டும் எழும்பும். தலைக்கு மேல் கத்திக்கொண்டு சுற்றும். கீழே அத்தனை முட்டையும் குஞ்சும் திறந்து கிடக்கும். காகத்துக்கு இதைவிட நல்ல அழைப்பு வேண்டாம். வெட்டை வெளியில் முட்டையிடுகிற பறவைக்கு இருக்கிற ஒரே காவல், அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிவதுதான். முட்டை மணல் நிறம், குஞ்சு மணல் நிறம். நீங்கள் அதுக்குப் பக்கத்தில் துணி சுற்றிய ஒரு பொட்டலத்தைக் கொண்டுபோய் வைத்து, அதுவரைக்கும் காலடித் தடத்தால் ஒரு பாதையும் போட்டுவிட்டு வருகிறீர்கள். மறைத்தது கமராவை, காட்டிக்கொடுத்தது கூட்டை.

காட்டிக்கொடுக்கிறது என்றதும் ஆக்காட்டியைச் சொல்லவேண்டும். ஆள் வந்தால் கத்தி ஊருக்கு அறிவிக்கிற பறவை, பெயரே அதுதான். முட்டையிட்ட இடத்தை அதனிடம் விசாரிக்கிற நாட்டார் பாட்டை எங்களில் பலர் சின்ன வயதில் கேட்டிருப்போம். இப்ப அந்த விசாரணையை வட்ஸ்அப்பில் செய்கிறார்கள். ‘மச்சான், லொக்கேசன் அனுப்பு.’

இனி, படத்தைப் பார்க்கிற எங்களுக்கு. ஒரு படம் எப்படி எடுக்கப்பட்டது என்று அந்தப் படமே பல நேரம் சொல்லும், எங்களுக்கு வாசிக்கத் தெரியாது. உப்புக்கொத்தி ஒரு செட்டையை இழுத்து இழுத்து, வாலை விரித்து, மணலில் புரளுகிற படத்தை ‘நடனம்’ என்று தலைப்பிட்டுப் போடுவார்கள். அது நடனம் இல்லை. செட்டை முறிந்த மாதிரி நடித்து, ‘என்னைப் பிடி, என்ர முட்டையை விடு’ என்று வேட்டைக்காரனைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டு போகிற வேலை. அந்தப் படத்தில் வேட்டைக்காரன் படக்காரர்தான். ஆக்காட்டி வாயைப் பிளந்து கமராவுக்கு மேலால் பாய்கிற படத்துக்கு ‘வீரத்தாய்’ என்று பெயர். அந்தத் தாய் யாரோடு சண்டை பிடிக்கிறாள் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. குருவிக் கூட்டைச் சுற்றி இலையும் கொப்பும் இல்லாமல் வெளிச்சம் நன்றாக விழுகிற படத்தைக் கண்டால், அந்தக் கொப்பு எங்கே போனது என்று யோசியுங்கள். குருவி முட்டாள்தனமாக வெளியில் கூடு கட்டாது. யாரோ கத்தரிக்கோலோடு வந்திருக்கிறார்.

ஒளிந்திருந்து படம் எடுக்கிற பழக்கம் புதிது இல்லை. 1892 இல் முட்டையோடு ஒரு கூட்டைப் படம் எடுத்துத் தொடங்கிய இங்கிலாந்தின் கியர்ட்டன் சகோதரர்கள், ரிச்சர்ட்டும் செரியும், பின்னாளில் உள்ளே கோறையாக்கிய ஒரு எருதின் உடம்புக்குள் புகுந்து நின்று பறவைகளைப் பிடித்தார்கள், கமராவால்தான். எரிக் ஹொஸ்கிங் 1937 இல் ஆந்தைக் கூட்டுக்குக் கிட்டப் போய் ஒரு கண்ணையே பறிகொடுத்தார். இவர்களைப் புனிதர்கள் என்று சொல்லவில்லை. அந்தக் காலத்தில் கூட்டுக்கு அவர்கள் செய்ததில் பலதை இன்று யாரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். ஆனால் மாட்டுத் தோலுக்குள் நின்றவனுக்கும் வெயில் பட்டது. பறவை திரும்ப வராவிட்டால் அதையும் அவன் கண்ணால் கண்டான். போன் திரையில் தெரிவது கூடும் கூட்டைச் சுற்றி ஒரு சாணும்தான். அந்தச் சட்டகத்துக்கு வெளியே மற்றப் பறவை பதறிக்கொண்டு திரிவதும், வடலியில் ஒரு காகம் வந்து குந்துவதும் அதில் தெரியாது. சென்சர் வைத்துவிட்டு வீட்டை போனவருக்கு அதுவும் இல்லை. பின்னேரம் அவர் பார்ப்பது கமரா அடித்த படங்களை மட்டும்தான். பறவை வராமலே கிடந்த ஒரு மணித்தியாலத்துக்குப் படம் இராது.

‘ஆள் இல்லை, ஆகவே இயற்கை’ என்ற நம்பிக்கையை உலகம் ஒரு தரம் நன்றாக விலை கொடுத்துப் படித்திருக்கிறது. 2009 இல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் சம்பந்தப்பட்ட பெரிய காட்டுயிர்ப் படப் போட்டியில் முதற் பரிசு, இரவில் படலையைத் தாண்டிப் பாய்கிற ஓநாய்க்குப் போனது. அகச்சிவப்புக் கதிரால் இயங்குகிற மறைவுக் கமராவில் விழுந்த படம். 2010 தை மாதம் பரிசைப் பறித்தார்கள். அது பழக்கிய ஓநாயாகத்தான் இருக்கவேண்டும் என்று நடுவர்கள் முடிவெடுத்தார்கள், எடுத்தவர் கடைசிவரை மறுத்தார். கமரா ஒளிந்திருந்தால் படம் நேர்மையானது என்று நினைத்துவிடுகிற பழக்கம் நடுவர்களுக்கே இருந்தது, எங்களுக்கு இருக்காதா?

இதை வாசிக்கிற நேரம் உங்களில் பாதிப் பேர் ஒரு கேள்வியோடு இருப்பீர்கள் என்று தெரியும். ‘மன்னார்த் தீவில தம்பபவனி எண்டு முப்பது காற்றாலை நிக்குது. இன்னும் நடப்போகினம். இல்மனைற்றுக்கு மணலைத் தோண்டப் பாக்கினம். 2025 ஆவணியில் சனம் ரோட்டில இறங்கி நிண்டது. இதெல்லாத்தையும் விட்டிட்டு ஒரு கமராவைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறீங்களே?’

நியாயமான கேள்வி. காற்றாலையும் மணல் அகழ்வும் கமராவைவிடப் பல மடங்கு பெரிய விசயம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் போராட்டத்தில் நாங்கள் எதை முன்வைத்தோம்? இது பறவைகளின் வழி, வங்காலை 2008 இல் சரணாலயம், 2010 இல் றம்சார் ஈரநிலம் என்றும் சொன்னோமா இல்லையா? பதாகைக்கும் பதிவுக்கும் பறவைப் படம்தானே போட்டோம்? அந்தப் படம் கூட்டைக் குழப்பி எடுத்த படமாக இருந்தால், எந்த வாயால் கம்பனிக்காரனிடம் போய்க் கதைக்கிறது? இன்னொன்று, காற்றாலையை நிறுத்த அமைச்சரவை வேண்டும். கமராவைக் கூட்டுக்குப் பக்கத்தில் வைக்காமல் விட ஒருத்தருடைய அனுமதியும் தேவையில்லை.

இரண்டாவது எதிர்ப்பேச்சு இதைவிடக் கெட்டித்தனமானது. ஆய்வாளர்களும் கூட்டுக்குக் கமரா வைக்கினம்தானே? வைக்கிறார்கள். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2009 இல் வந்த ஒரு தொகுப்பாய்வில், கமரா வைத்த கூடுகள் வேட்டைக்குப் போனது கூடவில்லை, குறைந்தே இருந்தது என்றுகூட முடிவு வந்தது. புது சாமானைக் கண்டு வேட்டைப் பிராணி தயங்கியிருக்கலாம். இதை மறைத்துவிட்டு நான் வாதாட வரவில்லை. ஆனால் அந்தக் கமராக்கள் கையளவு சாமான்கள். எப்ப வைப்பது, எவ்வளவு நேரத்துக்குள் வெளியேறுவது, பறவை திரும்பாவிட்டால் என்ன செய்வது என்று முதலே தீர்மானித்துவிட்டு அனுமதியோடு போகிறவர்கள் வைத்தவை. எந்தக் கூடு பிழைத்தது, எது அழிந்தது என்று எண்ணிப் பதிகிறவர்கள் வைத்தவை. ஞாயிற்றுக்கிழமை காலமை வானில் வந்து இறங்கி, மத்தியானத்துக்குள் படத்தோடு போகவேண்டிய ஆள் அந்த ஆய்வின் நிழலில் வந்து நிற்கமுடியாது. தான் படம் எடுத்த கூட்டில் குஞ்சு பொரித்ததா என்று எத்தனை படக்காரர் இரண்டு கிழமை கழித்துச் சொல்லியிருக்கிறார்கள்? ஆய்வாளர் பதிலோடு திரும்புகிறார், இவர் படத்தோடு திரும்புகிறார்.

சட்டம் என்ன சொல்கிறது? பிரித்தானியாவில் 1981 ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதலாம் அட்டவணையில் உள்ள பறவையைக் கூட்டில் வைத்துக் குழப்பிப் படம் எடுக்க உரிமம் வேண்டும். அந்த அட்டவணையில் சின்ன ஆலாவும் இருக்கிறது, கென்டிஷ் உப்புக்கொத்தியும் இருக்கிறது. அங்கே உரிமம் கேட்கிற அதே ஆலாவுக்கு இங்கே ஒரு மோட்டச்சைக்கிளும் ஒரு போனும் போதும். எங்கட 1937 ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பெரும்பாலான பறவைகளையும் அவற்றின் முட்டைகளையும் பாதுகாக்கிறது. ஆனால் தேசியப் பூங்காவின் எல்லைக்கு வெளியே, ஊர்க் கடற்கரையில், கமரா பதிக்கிற ஒருவரை வந்து கேட்க ஆளில்லை.

எனக்குக் கோபம் வருகிற இடம் இதுதான். கரைவலை வாடியில் இருக்கிற ஒரு சின்னப் பெடியன் அந்தத் திட்டில் நாலு முட்டையைப் பொறுக்கினால் அவன் குற்றவாளி, ஊர்ச்சனத்துக்கு விழிப்புணர்வு இல்லை என்று கூட்டம் வைப்பார்கள். அதே நாலு முட்டையை வெயிலில் வேகவிட்டவர் ‘காட்டுயிர் ஒளிப்படக் கலைஞர்’, அவருக்குக் கண்காட்சி, குத்துவிளக்கு, பொன்னாடை. முட்டைக்கு இரண்டும் ஒன்றுதான். அந்தப் பெடியனுக்காவது பசி என்று ஒரு காரணம் இருக்கலாம்.

வடக்கிலும் கிழக்கிலும் வளர்ந்த எங்களுக்கு இன்னொன்றும் தெரியும். காவலரணுக்கு முன்னால் வீடு இருந்த ஆக்கள் எங்களுக்குள் இருக்கினம். பார்க்கிறவர் தெரியாமல் நீங்கள் மட்டும் பார்க்கப்படுகிற வாழ்க்கை எப்படி இருக்கும் என்று அவர்களிடம் கேளுங்கள். பறவைக்கு அந்த மாதிரி மானம் மரியாதை இருக்கு என்று கதை விடவில்லை. ஆனால் ‘ஒளிச்சுப் பாத்தால் ஒருத்தருக்கும் நட்டமில்லை’ என்ற வசனத்தை நாங்கள் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சந்தேகிக்கலாம்.

கமராவை எறியச் சொல்லவில்லை. ஒளித்து வைக்க எத்தனையோ நல்ல இடம் இருக்கு. வீட்டுக் கிணற்றடியில் வாளித்தண்ணி வழிந்து தேங்கிற இடத்தில் வைத்துப் பாருங்கள். கோடை காலத்தில் காலமை தொடக்கம் பின்னேரம் வரை புலுனி, கொண்டைக்குருவி, புறா எல்லாம் தண்ணிக்கு வரும். பிடிக்காவிட்டால் அந்தப் பறவை வேறு கிணற்றடிக்குப் போகும், அதுக்கு ஒரு நட்டமும் இல்லை. மீன்கொத்தி நாள்தோறும் வந்து குந்துகிற தடியொன்று குளத்தில் இருந்தால், முதலில் மூன்று நாள் வெறும் பெட்டியை வைத்துப் பழக்கி, நாலாம் நாள் கமராவை வைக்கலாம். தரவையில் மாரிக்கு வந்து இரை பொறுக்குகிற உள்ளான்களுக்கு இங்கே கூடு இல்லை. அவை வருமுன்னம், விடியற்காலை இருட்டோடு கமராவைச் சேற்றில் வைத்துவிட்டு ஒதுங்கி இருக்கலாம். மூக்கும் கால்விரலும் தெரிகிற மாதிரிப் படம் வரும், பின்னால் சூரியன் எழும்பும். ஆலா கூட்டமாக முட்டையிடுகிற திட்டை உலகத்துக்குக் காட்டியே ஆகவேண்டும் என்றால், பறவை வருவதற்கு முதலே கமராவைப் பொருத்திவிட்டுக் குஞ்சு பறந்த பிறகு எடுக்கிற ஒழுங்கை வனசீவராசிகள் திணைக்களத்தோடு கதைத்துச் செய்யலாம். பிறநாடுகளில் கூட்டை நேரலையில் காட்டுகிறவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். மாதக்கணக்காகும், செலவும் ஆகும், ஆர்வம் உள்ளவர்கள் நாலு பேர் சேர்ந்தால் முடியாத காரியம் இல்லை.

கடைசியாக, பறவைப் படக் குழுக்களை நடத்துகிற அண்ணாமார் அக்காமாரிடம் ஒரு வேண்டுகோள். இந்தியாவில் சில காட்டுயிர்ப் படப் போட்டிகள் கூட்டுப் படங்களை ஏற்பதே இல்லை. உங்கட குழுக்களிலும் சித்திரை தொடக்கம் ஆவணி வரை நிலத்தில் முட்டையிடுகிற பறவைகளின் கூட்டுப் படங்களை அனுமதிக்காமல் விடுங்கள். மற்ற மாதங்களில் பழைய படம் என்று போட்டாலும் இடத்தின் பெயரை எடுத்துவிடுங்கள். ‘றிமோட்டில எடுத்தது’ என்று யாராவது எழுதினால், கமராவை வைக்கப் போனது யார், எத்தனை தரம் போனார், பறவை எவ்வளவு நேரத்தில் திரும்பி வந்தது என்று கீழே கேளுங்கள்.